ஒரு நாள் சுற்றுலாவும் இரண்டு இரவுகளும்

சுற்றுலா என்ற பேச்சு எழுந்தாலே எங்கள் பத்தாம் வகுப்பில் முதலில் வரும் பெயர் இரவிகுளம். கேரளத்தில் மூணாறுக்கு அருகே உள்ள அந்தத் தேசியப் பூங்காவைப் படங்களில் பார்த்து ஏங்காதவர் எங்களுள் இல்லை. அண்ணாமலையைப் பார்த்தே வளர்ந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண்களுக்கு 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைக் காண ஆசை இருக்காதா? ஆயினும் அங்கே 'ஒரு நாள் சுற்றுலா' செல்லக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிருந்து மூணாறு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மலைப்பாதையும் சேர்ந்தால் பேருந்துக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். ஆகவேதான் முதல் நாள் இரவு புறப்பட்டு, மறுநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்புவது என்று திட்டம் போடுகிறார்கள். இரண்டு இரவும் பேருந்திலேயே! நாம் இருக்கையில் சாய்ந்து தூங்குவோம். ஓட்டுநர் எப்போது தூங்குவார்? பகலில் வண்டி நிறுத்துமிடத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான். அந்தக் கண்களை நம்பித்தான் அன்றிரவு மலையிறங்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. வழியில் எந்தப் பாட்டுப் போடுவது என்பதற்குத்தான் சண்டை.

அடுத்து, எந்த மாதம்? பள்ளிகள் பெரும்பாலும் பொங்கல் முடிந்து, தேர்வு தொடங்குமுன் சுற்றுலா செல்கின்றன. வரையாடுகள் குட்டி ஈனும் காலமும் அதுவே. அதற்காக ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அது மிகுதியாக வாழும் இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. திறந்திருக்கும் நாளிலும் நம் பேருந்து வாயிலோடு நின்றுவிடும். வனத்துறை வண்டியில்தான் ராஜமலைக்கு அழைத்துச் செல்வார்கள். சீட்டுக்கு ஒரு வரிசை, வண்டிக்கு ஒரு வரிசை. ஆனைமுடியில் ஏற அனுமதியில்லை. மேகம் விலகினால் பார்க்கலாம், அவ்வளவே.

மூன்று நாளாக, இரண்டு இரவு தங்கிப் போகலாமே என்பீர்கள். அதுவே சரியான முறை. ஆனால் எங்களுள் பலருக்கு வெளியில் தங்க வீட்டில் அனுமதி கிடைக்காது. பேருந்தில் கழியும் இரண்டு இரவுகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. விடுதி என்றவுடன் மட்டும் "பெண் பிள்ளை ஆயிற்றே" என்ற பேச்சு வந்துவிடுகிறது! ஆசிரியையர் உடன் தங்கும் விடுதியைவிட நள்ளிரவு நெடுஞ்சாலை பாதுகாப்பானதா என்று எங்கள் பெற்றோரைப் பணிவுடன் கேட்கிறோம். கட்டணமும் ஒரு தடைதான். தொகையைக் கேட்டதும், "எனக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், நான் வரவில்லை" என்று ஒதுங்கிக்கொள்ளும் தோழியர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களுக்கு வாந்தி வராது என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே இவ்வாண்டு ஜவ்வாது மலை என்கிறோம். போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மூன்று மணி நேரப் பயணம். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு சேரலாம். கட்டுச்சோறு போதும். பீமன் அருவி உண்டு, சாமை விளையும் கொல்லைகள் உண்டு. அங்குள்ள மலைவாழ் மக்களின் பிள்ளைகள் நம் மாவட்டத்துப் பிள்ளைகள். நாம் படிக்கும் பாடநூலைத்தான் அவர்களும் படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவரோடாவது நாம் பேசியதுண்டா? மலையின் மறுபக்கம் காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பார்க்க முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். எங்கள் அறிவியல் ஆசிரியை மனம் வைத்தால் நடக்கும்.

"அது தேசியப் பூங்கா இல்லையே" என்று முகம் சுளிக்கும் தோழியருக்கு ஒரு செய்தி. இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030. அப்போது நம் பெஞ்சில் தங்கையர் அமர்ந்திருப்பார்கள். பகலில் பயணம், இரண்டு இரவு தங்கல் என்று அவர்களுக்காக இவ்வாண்டுப் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டுவைப்போம். மாதம் ஐம்பது ரூபாய் சேமிப்பையும் இப்போதே தொடங்கலாம். குறிஞ்சி பூக்கும் ஆண்டில் கூட்டம் நெரியும், சீட்டை மட்டும் முன்னதாக எடுத்துவிட வேண்டும்.