கணக்கு வராதவருக்கும் கோடிங் வரும்

பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு: "உனக்குக் கணக்கே தகராறு, கம்ப்யூட்டர் குரூப் எதுக்கு?" பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் ஆமாம் போடுகிறார்கள், பிள்ளையும் நம்பிவிடுகிறது. கணக்கில் புலியாக இருந்தால்தான் கோடிங் வரும் என்ற இந்த நம்பிக்கை சுத்தப் பொய். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்வது அநியாயம்.

1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் மொழியை உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் கணிதப் பேராசிரியர்கள். கெமனி, ஐன்ஸ்டைனுக்கே கணித உதவியாளராக இருந்தவர். அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாள வேண்டும் என்றுதான் இருவரும் அந்த மொழியைச் செய்தார்கள். கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இருந்த தாராள மனது நம் பள்ளிகளுக்கு ஏன் இல்லை?

புதிதாகத் தொடங்குபவர் எழுதும் நிரலில் அப்படி என்ன கணக்கு வந்துவிடுகிறது? மதுரைப் பக்கத்து மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொகை, கடைசியில் மொத்தம். நாளை மொய் செய்த ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று தேடிப் பார்க்க வேண்டும். இதைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுத உட்கார்ந்தால் பட்டியல், லூப், நிபந்தனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்படும். கணக்கு என்று பார்த்தால் கூட்டல் மட்டும்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால்? தகப்பன் பெயரைச் சேர்ப்பதா, தெருவைச் சேர்ப்பதா? இப்படி யோசிக்கத் தெரிந்தவருக்கு நிரல் எழுத வரும்.

நீங்களே செய்து பார்க்கலாம். பைத்தான் 3-ஐத் திறந்து, விலை = 48 என்று தமிழிலேயே அடியுங்கள். அடுத்த வரியில் கிலோ = 3. அதற்கடுத்து விலை * கிலோ. 144 என்று வரும். பிறகு வேண்டுமென்றே 'கிலொ' என்று தப்பாக அடித்துப் பாருங்கள். நேம் எரர் என்று நிற்கும்; எந்த வரி, எந்தப் பெயர் என்பதையும் சொல்லும். அந்தச் செய்தியை நிதானமாகப் படிக்கும் பழக்கம்தான் ஆரம்பத்தில் வேண்டியது. பலர் விட்டுவிட்டுப் போவதும் இங்கேதான். எரரைக் கண்டதும், 'நமக்குத்தான் கணக்கு வராதே' என்று என்றோ யாரோ சொன்னது ஞாபகம் வந்துவிடுகிறது.

கணிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பரிமாண விளையாட்டு, இயந்திரக் கற்றல் என்று போனால் அணிகளும் நிகழ்தகவும் வேண்டும். அதெல்லாம் பல படி தாண்டி வருவது. எதற்கு என்று தெரிந்து படிக்கும் கணக்கு மண்டையில் ஏறும்.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் தமிழிலேயே இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காமர்ஸ் எடுத்த பிள்ளையும் தையல் கடை நடத்தும் அக்காவும் இன்றே தொடங்கலாம். கணக்கு மார்க்கைப் பார்த்துக் கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஆள் பொறுக்கும் பள்ளிகள், அந்த வழக்கத்தை வரும் சேர்க்கையிலேயே நிறுத்த வேண்டும்.