பிடுங்கியது ஒரு வயர், பில் எவ்வளவு?



விடுமுறையில், நெட்வொர்க் சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணனோடு உதவிக்குப் போனேன். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் ஸ்தம்பித்துக் கிடந்தன. ஸ்விட்சில் அத்தனை விளக்குகளும் ஒன்றாகத் துடித்தன. கீழேயும் மாடியிலுமாக ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்தோம். 2 மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. மேசைக்கு அடியிலிருந்த சின்ன ஸ்விட்சில் யாரோ ஒரே கேபிளின் இரு முனைகளையும் செருகிவிட்டார்கள்! அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றி வந்து பாதையை அடைத்திருக்கிறது. பிடுங்கினோம், சரியாகிவிட்டது.

"ஒரு வயரைப் பிடுங்க 600 ரூபாயா தம்பி?" என்றார் முதலாளி.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கு. மணிக்கு 300 என்று நாங்கள் முதலிலேயே சொல்லவில்லையே! என் அப்பா கொத்தனார். கூலி பேசாமல் கரண்டியைத் தொட மாட்டார். படிக்கிற நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

கோளாறைத் தேடும் நேரமும் உழைப்புதான். அதற்குக் காசு கேட்பது தப்பே இல்லை. ஆனால் அன்று அரை மணி நேரம் அண்ணன் எனக்குப் பாடம் சொன்னார். அது கடைக்காரர் தலையில் ஏறலாமா? 450 வாங்கியிருந்தால் அதுதான் நியாயம். நாம் தப்பாகக் கிரிம்ப் செய்த முனையை நாமே திருத்தவும் காசு கேட்கக்கூடாது. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாமல் 18 சதவீதம் சேர்ப்பதோ சட்டப்படியே தப்பு.

வந்த நேரம், கண்ட கோளாறு, செய்த வேலை, போன நேரம். இந்த நாலு வரியைப் பில்லில் எழுதுவோம். நாளைக்கு நாமும் பில் போடப் போகிறவர்கள்தானே! நம் உழைப்பையும் விட வேண்டாம்; அடுத்தவர் காசையும் தொட வேண்டாம்.