திருச்சி - சிங்கப்பூர் நாலு மணி நேரமாம்!

"திருச்சியில ஏறினா நாலு மணி நேரம், சிங்கப்பூர்." எங்கள் தா.பழூர் பக்கம் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. விளம்பரம் சொல்கிறது, டிராவல்ஸ்காரர் சொல்கிறார், டீக்கடை பெஞ்சும் சொல்கிறது. பாதி உண்மை மக்களே இது. பாதி உண்மை முழுப் பொய்யை விட மோசம்.

கணக்குக்கு வருவோம் (படிப்பது பி.காம்., விட முடியுமா?). திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நாலு மணி நேரம் என்றால் மணிக்கு 750 கிலோமீட்டர். பிரமாதம்!

ஆனால் யாரும் திருச்சி ஓடுபாதையில் குடியிருக்கவில்லையே? தா.பழூரிலிருந்து விமான நிலையத்துக்குச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். பஸ் மாறி, காத்திருந்து போக மூன்றரை மணி நேரம் வையுங்கள். மூன்று மணி நேரம் முன்னாடியே போய் நிற்க வேண்டும். அங்கே இறங்கி, குடிநுழைவு வரிசை முடித்து, தங்குமிடம் சேர இரண்டு மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை. வேகம் 250-க்கும் கீழே வந்துவிட்டது. தொழிற்சாலை வாசல் விலையை மட்டும் சொல்லி, லாரி வாடகையையும் ஏற்றுக்கூலியையும் மறைத்தால் அதை அடக்கவிலை என்று எந்த வாத்தியாராவது ஒத்துக்கொள்வாரா? நேரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

'விமான கம்பெனி பறக்கும் நேரத்தைத்தானே சொல்ல முடியும்' என்பீர்கள். சரி, கம்பெனியை விடுங்கள். என் சண்டை அந்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு.

அப்பா செத்துப் போனார், மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. சாயங்காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவன் வந்து சேரவில்லை. உடனே ஊர் பேசும்: "நாலு மணி நேரந்தான, மனசு இருந்தா வந்திருக்க மாட்டானா?" முதலாளியிடம் லீவு, கடைசி நிமிட டிக்கெட்டுக்குக் கடன், விமானத்தில் சீட்டு, அப்புறம் ராத்திரியில் திருச்சியிலிருந்து ஊருக்கு வண்டி... இதெல்லாம் எந்த நாலு மணி நேரத்தில் அடங்குகிறது? ரஜுலா கப்பலில் போன காலத்தில், 1985-ல் தீப்பிடித்து நின்றுபோன எம்.வி. சிதம்பரம் ஓடிய காலத்தில், நாள் கணக்கில் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வர முடியாதவனை யாரும் பழிக்கவில்லை. விமானம் தூரத்தைக் குறைத்ததோ இல்லையோ, பழியைக் கூட்டிவிட்டது.

பக்கத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரம் வரை படை அனுப்பினான் என்று மார்தட்டுகிறோம். 2025-ல் ஆயிரமாண்டு விழாவும் கொண்டாடியாயிற்று. திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புது முனையம் 2024 முதல் இயங்குகிறது. நல்லது. ஆனால் முனையத்தின் வாசலோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? ஜெயங்கொண்டம், தா.பழூர் பக்கத்து ஆள் ராத்திரி இறங்கினாலும் வாடகைக் காருக்குக் கூலியை அழாமல் வீடு சேர, விமான நேரத்துக்கு ஏற்ற அரசுப் பேருந்து கேட்பது பேராசையா? கடல் தாண்டுவதற்குச் செய்த செலவில் கடைசி நூறு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா?

இனி யாராவது "நாலு மணி நேரம்தானே" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரைக்கும்?