கல்யாண வீட்டில் பாட்டுப் போட லைசென்சா? மண்டபத்தில் கேட்கிறார்கள், சட்டம் கேட்கவில்லை!

மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு பேசியாச்சு. ரிசப்ஷனுக்கு மைக்செட்டும் பேசியாச்சு. மீதிப் பணத்தைக் கட்ட மண்டபத்துக்குப் போனால் மானேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார்.

"சினிமாப் பாட்டுப் போடுறதா இருந்தா லைசென்சு வாங்கிட்டு வந்திடுங்க சார். இல்லேன்னா கம்பெனிக்காரன் எங்களைத்தான் பிடிப்பான்."

பெண்ணைப் பெற்றவர், பாவம், என்ன செய்வார்? பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகி விட்டது. சட்டம் பேச நேரம் ஏது? கேட்டதைக் கட்டிவிட்டு வருகிறார்.

இந்தப் புகார்கள் டெல்லி வரைக்கும் போய்விட்டன. 24-7-2023 அன்று மத்திய அரசு ஒரு பொது அறிவிப்பே வெளியிட வேண்டியதாயிற்று. கல்யாணக் கொண்டாட்டத்தில் பாட்டுப் போடுவது காபிரைட் மீறல் ஆகாது; சட்டத்துக்கு மாறாக யாராவது பணம் கேட்டால் பொதுமக்கள் இணங்க வேண்டாம் என்பதே அதன் சாரம்.

இது ஒன்றும் புது சலுகை அல்ல. 1957-ம் ஆண்டு காபிரைட் சட்டத்தின் 52-வது பிரிவிலேயே இருக்கிறது. உண்மையான மதச் சடங்கிலும், அரசாங்க விழாவிலும் பாட்டுப் பாடலாம், ரெக்கார்டு போடலாம், அனுமதி வேண்டாம். மதச் சடங்கு என்றால் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜானவாசத்துக் காரில் ஸ்பீக்கர் கட்டினாலும் சரி, ரிசப்ஷனில் மெல்லிசைக் கச்சேரி வைத்தாலும் சரி.

எது கல்யாணம்?

அதே மண்டபத்தில் மறுநாள் பிறந்த நாள் பார்ட்டி என்றால் கதை வேறு. கம்பெனி ஆண்டு விழா, டிக்கெட் போட்ட புத்தாண்டுக் கூத்து, இவற்றுக்கெல்லாம் லைசென்சு வேண்டும். அறுபதாம் கல்யாணம்? தாலி கட்டுகிறார்கள், ஹோமம் வளர்க்கிறார்கள். ஆனால் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதவில்லை. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டும் அப்படித்தான். வக்கீல்களுக்கு வேலை வேண்டாமா!

மண்டபத்துக்காரர் பயப்படுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. நோட்டீசு வருவது அவருக்கு. கோர்ட்டுகளிலும் இழுபறிதான். கல்யாணத்துக்கு விலக்கு உண்டு என்று மத்திய அரசு 2019-ல் போட்ட அறிவிப்பை பஞ்சாப் - அரியானா ஐகோர்ட்டு 2022-ல் ரத்து செய்தது. கோவா அரசின் சர்க்குலரை பம்பாய் ஐகோர்ட்டு 2024-ல் ரத்து செய்தது. ஆனால் ஒன்று: போனது சர்க்குலர்தான். 52-வது பிரிவு போகவில்லை. இதை மண்டபத்து ஆபீசில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

யாருக்குப் போகிறது?

"பாட்டுக்குக் காசா? பகல் கொள்ளை!" என்று கடைக்காரர்கள் சீறுவது முழுக்க நியாயம் இல்லை. பாட்டு எழுதியவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். படத் தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்து வாங்கிய மெட்டும் பாட்டும் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கவிஞரும் இசையமைப்பாளரும் கையைப் பிசைந்து கொண்டு நின்றார்கள். 2012-ல்தான் சட்டம் திருந்தியது. தியேட்டருக்கு வெளியே சினிமாப் பாட்டு சம்பாதிப்பதில் இருவருக்கும் பங்கு உண்டு; அதை எழுதிக் கொடுத்துவிட்டாலும் செல்லாது.

எனவே ஓட்டல், சலூன், ஜவுளிக் கடையில் பாட்டு ஓடினால் பணம் கேட்க இடம் இருக்கிறது. "பழைய பாட்டுதானே" என்றும் தப்ப முடியாது. ரெக்கார்டின் உரிமை வெளியான பிறகு 60 ஆண்டு. எழுதியவரின் உரிமையோ, அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. கண்ணதாசன் காலமானது 1981-ல். அவர் பாட்டு வரிகளின் உரிமை 2041 முடிய இருக்கிறது.

போலீசு வருமா?

வரலாம். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது ஜாமீனில் விட முடியாத குற்றம், போலீசார் நேரடியாக வழக்குப் போடலாம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதே சட்டத்தில் 60-வது பிரிவு என்று ஒன்று உண்டு. முகாந்திரம் இல்லாமல் "கேஸ் போடுவேன்" என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எந்தத் தகப்பனார் கோர்ட்டுப் படி ஏறப் போகிறார்? அந்த அவசரம்தான் கேட்கிறவர்களுக்கு மூலதனம். பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால், எந்தப் பிரிவின்கீழ், யார் பெயரில் வாங்குகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு ரசீது வாங்குவது நல்லது. எழுதிக் கொடு என்றதும் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

இன்னொரு சங்கதி. விலக்கு, கொண்டாட்டத்தில் பாட்டுப் போடுவதற்குத்தான். அதே பாட்டைக் கல்யாண வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றினால் அது தனிக் கணக்கு. தாலி கட்டும் காட்சி ஊமைப் படமாக ஓடினால் மைக்செட்டுக்காரரைத் திட்ட வேண்டாம். கம்ப்யூட்டரே பாட்டைக் கண்டுபிடித்து வாயைக் கட்டிவிடுகிறது.