இனிப்பும் இளமையும்

உடல் மெலிய வேண்டும் என்னும் விருப்பம் இன்றைய மாணவரிடையே பரவலாகக் காணப்படுகிறது. விருப்பம் நல்லதே, அதற்குக் கைக்கொள்ளும் வழிதான் பெரும்பாலும் பிழைபடுகிறது. காலை உணவைத் துறப்பது, நண்பகலில் அரைவயிறு உண்பது, மாலை நான்கு மணிக்குப் பசி தாளாமல் தேநீர்க் கடையில் பன்னும் கிரீம் பிஸ்கட்டும் தேடுவது, இரவில் 'நாளை முதல்' என்று உறுதி பூணுவது: இதுவே பலரது நாள்முறை. இத்தோல்வியை மனவுறுதியின்மை என்று பழிப்பது எளிது. அப்பழிப்பு முறையன்று என்பதே என் கருத்து.

மணிமங்கலம் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த இவ்வட்டாரம், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கிய பின், ஷிப்டு வேலையின் கடிகாரத்திற்கு மாறிவிட்டது. தந்தை இரவுப் பணி முடித்துத் திரும்பும் வேளையில் மகன் கல்லூரிக்குப் புறப்படுகிறான். அடுப்பெரியும் நேரத்திற்கு ஒழுங்கில்லை. உறங்கும் நேரத்திற்கும் ஒழுங்கில்லை. பாட்டனார் வயலில் உழைத்தார். பேரன் நாற்காலியில் அமர்ந்து படிக்கிறான். தேநீரில் இடும் சர்க்கரை மட்டும் குறையவில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி எனில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை. நான்கு தேநீருக்கு 32 கிராம். 300 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றைச் சேர்த்தால் மேலும் ஏறத்தாழ 30 கிராம். உணவின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரை பத்து விழுக்காட்டிற்குள் அமைய வேண்டும், ஐந்து விழுக்காட்டிற்குள் அமைந்தால் மேலும் நலம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். ஆக, ஒரு துண்டு மைசூர்பாகும் உண்ணாமலே மாணவன் எல்லையைக் கடந்துவிடுகிறான். தேனும் இக்கணக்கில் அடங்கும். வெல்லம், கருப்பட்டி எனப் பெயரை மாற்றுவதால் உடல் எடை ஏமாறிவிடாது. செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் குறைப்புக்கு நம்ப வேண்டாம் என்றும் அந்நிறுவனம் 2023இல் கூறியுள்ளது.

இனிப்பு வேட்கைக்குத் தூக்கக் குறைவும் ஒரு காரணம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள இளைஞர் 12 பேர் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்க விடப்பட்டனர். பசியைத் தூண்டும் சுரப்பு 28 விழுக்காடு மிகுந்தது. நிறைவைத் தரும் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. பசியுணர்வு 24 விழுக்காடு கூடியது. தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிப்போர் மறுநாள் இனிப்பை நாடுவதன் பின்னணி இதனால் விளங்கும்.

இஃது அழகு பற்றிய கவலை மட்டும் அன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்றோரிடையே சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவுமுறை மாற்றமும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன. வள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கியதன் பொருத்தம் இங்கே புலனாகிறது.

மாணவர் செய்யத்தக்கவை சில. காலை உணவைத் தவிர்க்கலாகாது. இட்லியுடன் சாம்பாரோ, முட்டையோ, சுண்டலோ சேர்ந்தால் பசி தாங்கும். தேநீரின் சர்க்கரையை வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். மாலைப் பசிக்கு வேர்க்கடலையும் கொய்யாவும் பையில் இருக்கட்டும். இனிப்பை அடியோடு விலக்கிச் சூளுரைப்பதினும், விருந்து நாளில் ஒரு துண்டை அமைதியாகச் சுவைப்பது நெடுநாள் நிலைக்கும். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். விளம்பரப் பொடிகளும் மாத்திரைகளும் வேண்டா. நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

நோன்பு நாட்களில் பகல் முழுதும் நாவை அடக்கும் ஆற்றல் நம் மாணவர்க்கு உண்டு. அந்த அடக்கம் மாலையில் சர்பத்துக் குவளையில் கரைந்துபோகாமல் காப்பது வீட்டாரின் கையில் உள்ளது.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பருத்த பிள்ளையைப் பலர் முன் கேலி செய்துவிட்டு, அடுத்த கணமே லட்டை வாயில் திணிப்பதை நிறுத்துங்கள். கல்லூரி உணவகங்களில் சர்க்கரையைத் தனியே வைத்துத் தேநீர் தரலாம். சுண்டலும் பழமும் குளிர்பானத்தினும் குறைந்த விலையில் கிடைக்கச் செய்யலாம். பெருஞ்செலவில்லாத செயல்கள் இவை. மாணவன் ஒருவனாகப் போராடித் தோற்கும் இடத்தில், நாம் அனைவரும் துணை நின்றால் வெற்றி எளிதாகும்.