அச்சு யாரிடம் இருக்கிறது?

பிரிக்கப்படாத பொம்மைத் தொகுப்புகளை வாங்கிச் சில ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தால், தங்கத்தைவிடக் கூடுதல் ஆதாயம் கிடைக்கும் என்னும் பேச்சு நிலவுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, மாஸ்கோ உயர் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் லெகோ தொகுப்புகள் குறித்து மேற்கொண்ட ஆய்வு. 1987 முதல் 2015 வரையிலான விலைகளின்படி, அவற்றின் சராசரி ஆதாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11%.

அந்தச் சராசரி பொய்யன்று. ஆனால், அந்த ஆய்வுக்காலம் முடிந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2008-இல் லெகோ நிறுவனம் தாஜ்மகால் மாதிரியை வெளியிட்டது. 5,922 துண்டுகள் கொண்ட அதன் விலை அமெரிக்காவில் சுமார் 300 டாலர். சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. பிரிக்கப்படாத பெட்டியின் விலை பல மடங்கு உயர்ந்தது. 2017 நவம்பரில், ஒரேயொரு துண்டு மட்டும் கூடுதலாக, அதே மாதிரி சுமார் 370 டாலருக்கு மீண்டும் கடைக்கு வந்தது. பழைய பெட்டியின் மறுவிற்பனை விலை சரிந்தது. 2008-இல் வாங்கியவர்களுக்கு ஆதாயம் குறைந்தது. உச்ச விலையில் வாங்கியவர்களுக்கோ முதலே குறைந்தது.

காரணம் எளியது. பழைய பெட்டியைத் தேடியவர்களில் பலருக்கும் வேண்டியிருந்தது கட்டிப் பார்க்க ஒரு தாஜ்மகால்தான். அது கடையிலேயே கிடைக்கும்போது அவர்கள் விலகிவிடுகின்றனர். முதல் வெளியீடுதான் வேண்டும் என்னும் சேகரிப்பாளர்கள் சிலர் மட்டுமே எஞ்சுகின்றனர்.

நம் நாட்டில் வாங்குவோருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20%-இலிருந்து 60%-ஆகவும், 2023-இல் 70%-ஆகவும் உயர்த்தப்பட்டது. இறக்குமதியாகும் தொகுப்பை இங்கு வாங்குபவர், வரியும் சேர்ந்த விலையிலிருந்து தொடங்குகிறார். அவர் நம்பும் ஆதாயக் கணக்கோ வெளிநாட்டு விலையில் தொடங்குகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கும் எனக்கு, இதை மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுடன் ஒப்பிடத் தோன்றுகிறது. அங்குள்ள பட்டறைகளில் அதே பிள்ளையாரும் அதே நந்தியும் தலைமுறைகளாகச் செதுக்கப்படுகின்றன. நாளை இன்னொரு நந்தி பிறக்கும் என்பதால் இன்றைய நந்தியின் மதிப்பு குலைவதில்லை. கல்லின் தரம், உழைத்த நாள்கள், கைத்திறன் ஆகியவற்றுக்கே அங்கு விலை. 2017-இல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தச் சிற்பங்களின் பிறப்பிடத்துக்குத்தான் உறுதி தருகிறது. அரிதாக இருக்கும் என்பதற்கன்று.

பொம்மைப் பெட்டியின் கூடுதல் விலை, கிடைக்காமையால் மட்டுமே உண்டாவது. அந்தக் கிடைக்காமையோ வாங்கியவரின் உடைமையன்று. அச்சை வைத்திருக்கும் நிறுவனத்தின் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் அந்நிறுவனம் அதை முடிவுக்குக் கொண்டுவரலாம். அதில் தவறும் இல்லை. நியாயமான விலையில் பொம்மை கிடைப்பது குழந்தைகளுக்கு நன்மையே.

ஆகவே, சேமிப்பை இதில் போடுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இதே பொருள் அடுத்த ஆண்டு பழைய விலைக்கே கடைக்கு வந்தால், வாங்கியதற்காக வருந்துவோமா? வருந்துவோம் என்றால், அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். வருந்தமாட்டோம் என்றால், வாங்கி, பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளுடன் அமர்ந்து கட்டலாம். அந்த மகிழ்ச்சியை எந்த மறுவெளியீடும் குறைத்துவிட முடியாது.