இலண்டனில் இசை, தோட்டத்தில் இரைச்சலா?

கறுத்த தட்டு சுழல்கிறது. ஊசி பள்ளத்தில் இறங்குகிறது. அட்டனில் ஆசிரிய நண்பர் ஒருவரின் இல்லத்தில், வெளியே மூடுபனி கவிந்திருந்த மாலைப்பொழுதில், நாம் கேட்டது கருநாடக இசையுமன்று, சினிமாப் பாட்டுமன்று. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் இரண்டாவது இசைத்தொகுப்பு அது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாயாரின் பெயரையே தாங்கி ‘கலா’ என்று நிற்பது. இரண்டாம் பாட்டுத் தொடங்கியதும் உறுமி உறுமிற்று. தோட்டமொன்றிற் பிறந்து இன்று அரசாங்க உத்தியோகம் பார்க்கும் அன்பர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம தோட்டத்துத் திருவிழா மேளமுங்க!” என்றார். வடக்கிலிருந்து வந்திருந்த பெரியவரோ, “என்ன தம்பி, பறை அடிக்கிறதையும் றெக்கோட்டிலை போட்டிட்டினமே!” என்று முகஞ் சுளித்தார்.

அந்த முகச்சுளிப்பைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

நாம் இசை விமர்சகர் அல்லோம். எனினும் இத்தட்டின் பரம்பரையைச் சொல்லியாக வேண்டும். ‘பங்க்’ எனப்படும் முரட்டிசை 1970களில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் எழுந்தபோது அதன் கொள்கை எளியது. சங்கீதம் பயின்றவனுக்கே மேடை என்ற விதியை உடை. கையில் அகப்பட்ட வாத்தியத்தை எடு. நெஞ்சில் உள்ளதை உரக்கச் சொல்! ஓவியக் கல்லூரி மாணவர் பலர் அதிற் புகுந்து அதனைக் கலையாகவும் ஆக்கினர். மாதங்கியும் இலண்டன் கலைக்கல்லூரியொன்றிற் பயின்றவரே. யாழ்ப்பாணத்திற் சிறுமியாக வளர்ந்து, பின்னர் தாயுடன் அகதியாக இலண்டன் சேர்ந்தவர். அவர் குழுவன்று; தனியொருத்தி. ஆயினும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற அவரது பாட்டு, ‘த கிளாஷ்’ என்னும் பங்க் குழுவினரின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைமீது கட்டப்பட்டது. 2008இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிற்று.

தொகுப்பைத் தயாரித்த காலத்தில் அமெரிக்கா அவருக்கு விசா வழங்கத் தாமதித்தது. அவர் சென்னைக்குப் போனார், உறுமிக்காரரைத் திரட்டினார். அமெரிக்க உத்தியோகத்தர் செய்த பேருபகாரம் என்றே இதனைக் கொள்ளலாம்! முதற்பாட்டில் ‘மாடர்ன் லவர்ஸ்’ குழுவின் ‘ரோட்ரன்னர்’ எதிரொலிக்க, அதே பாட்டில் 1991இல் வெளிவந்த ‘தளபதி’ படத்துக் காட்டுக்குயில் பாட்டும் கலந்து வருகிறது.

அந்தப் பாட்டை ஆக்கியவர் எங்கிருந்து வந்தார்? 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், மூணாறுத் தேயிலை மலைகளின் தமிழ்த் தொழிலாளரிடையே பாடித் திரிந்தவர் பாவலர் வரதராசன். அந்த அண்ணனின் பாட்டுக் குழுவிற் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர்தாம் இளையராஜா. ஆகவே இலண்டன் தட்டின் பள்ளத்தில் தேயிலை மலையின் மணமும் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சாகாது.

அது மூணாறு. நமது நுவரெலியா எங்கே? நமது தலவாக்கலை எங்கே?

மலைநாட்டில் தப்பின் கதை கசப்பானது. விடியுமுன் லயத்து வாசல்களைத் தப்பொலி தட்டி எழுப்பிற்று. பிரட்டுக்களத்திற்கு ஆளைத் திரட்டிற்று. துரைமாருக்கு அது கடிகாரம். அதே தப்பு மாசியிற் காமன் கூத்துக்கு முழங்கிற்று, திருவிழாவில் தேர்முன் நடந்தது, சாவீட்டில் அழுதது. பகலெல்லாம் எசமானுக்கு உழைத்த தோல் இரவிலே நமக்காகப் பேசிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். பாட்டின் சொல் ஏட்டில் ஏறியது. தப்பின் அடியை ஏட்டில் எழுத முடியுமா?

அவரைத் தெரிவுசெய்த மக்களின் குடியுரிமையும் வாக்குரிமையும் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பறிக்கப்பட்டன. அப்போது தமிழ்ப் பிரதிநிதிகள் சிலரும் ஆதரவாகக் கையுயர்த்தினர் என்பதை நாம் மறைக்கலாகாது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. கப்பலேறியோருடன் தப்பும் ஏறிற்று. கூத்து வாத்தியாரும் ஏறினார். 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு இறங்கி, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் எத்தனை! இதனை வாசிக்கும் வவுனியா, கிளிநொச்சிக் கமக்காரரிற் பலருக்கு அந்தத் தப்பொலி பாட்டன் வீட்டுச் சொத்து. மலையகத்துக்கென ஒலிப்பதிவாகி, முறையாக அச்சான ஒரு தப்பு இசைத்தட்டை இவர்களுள் எவரேனும் கையிற் பிடித்துப் பார்த்ததுண்டா?

“கைத்தொலைபேசியிற் பிடித்துக்கொண்டால் ஆயிற்றே” என்பார் சிலர். ஆகாது! சிறு ஒலிவாங்கியின் முன் தப்பை ஓங்கி அடித்தால் அடி சிதறும். உறுமியின் இழுப்பு மறையும். அறை வேண்டும், தூரம் அளந்து வைத்த ஒலிவாங்கிகள் வேண்டும். தட்டிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பக்கத்தில் நிமிடங்களைக் குறைத்தால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். தோலின் அடிநாதம் கனமாகப் பதியும். ‘கலா’வை இரண்டு தட்டுகளாக வெளியிட்டதன் பலனை அட்டன் வீட்டின் சன்னற் கண்ணாடி அதிர்ந்து காட்டிற்று. தட்டுக்குக் காலம் போய்விட்டது என்றும் சொல்லவேண்டாம். 2022இல் அமெரிக்காவில் குறுந்தட்டுகளைவிடக் கருந்தட்டுகளே அதிகம் விற்பனையாயின.

வேறொரு மறுப்பு உண்டு. அதனை நாம் மதிக்கிறோம். “எங்கள் தகப்பன் தோளில் ஏற்றிய அவமானத்தை நான் தூக்கமாட்டேன்” என்று தப்பைத் தொட மறுக்கும் தோட்டத்து இளைஞனின் மறுப்பு அது. அவன் சொல்வது நியாயம். அழைத்த சாவீட்டுக்கெல்லாம் ஓடிவந்து அடிக்கவேண்டும், எஞ்சியதை வாசலில் நின்று வாங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியத்தான் வேண்டும். ஆனால் இழிவு தோலில் இருந்ததா, அடிக்கவைத்தவன் மனத்தில் இருந்ததா? சென்னையில் அதே இனத்து மேளத்துக்கு ஒலிப்பதிவு அறையின் கதவு திறந்தது. கூலி பேசி, நாற்காலி இட்டு, “வாசியுங்கள்” என்று கேட்பதற்கு நம்மிடையே ஆளில்லையா?

இலண்டனிலும் தொறன்ரோவிலும் வைத்தியராய், பொறியியலாளராய், கணக்காளராய் இருக்கும் நம்மவர், ‘கலா’வைப் பிள்ளைகளின் அறையிற் கேட்டு, “நம்ம பெண்” என்று பெருமை பேசுகின்றனர். பேசட்டும். 2023இல் மலையகம் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்கடுக்க நடந்தபோதும் அவர்கள் படங்களைப் பகிர்ந்து மகிழ்ந்தனர். நாம் கேட்பது மற்றொரு மகிழ்ச்சியன்று, பணம்! நான்கைந்து தோட்டங்களின் தப்புக் குழுக்களையும், ஒரு காமன் கூத்தை முழுமையாகவும் பதிவுசெய்து, சில நூறு தட்டுகள் அச்சிடும் செலவு, பத்து உத்தியோகத்தர் சேர்ந்தால் தாங்கக்கூடியதே. வாசித்தவரின் பெயர் உறையின் முகப்பில் இருக்கட்டும். பணம் கொடுத்தவரின் பெயர் பின்புறத்தில், சிற்றெழுத்தில் இருக்கட்டும். விற்பனையில் வருவது முதலில் வாசித்தவருக்கே சேரவேண்டும். இதனை எழுத்தில் ஒப்பமிட்ட பின்னரே ஒலிவாங்கியை நாட்டவேண்டும்.

மாசிப் பிறையிற் காமன் கம்பம் ஊன்றுவார்கள். வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். உங்கள் தோட்டத்திற் கூத்து இன்றும் நடைபெறுமாயின், தோட்டத்தின் பெயர், டிவிசன், வாத்தியாரின் சம்மதம் ஆகியவற்றைக் குறித்து எமக்கு எழுதுங்கள். கடிதம் தை மாதத்துக்குள் எம் கைக்கு வந்து சேரவேண்டும்.